சம்பாதி

ஃபைலக்காவுக்குப் படகில் ஒன்றரை மணி நேரம்.
எங்களோடு நானூறு இரும்புக் குழாய்,
ஆறு மூட்டை கிளாம்பு,
ஒரு பெட்டி மோர்,
வாந்தியெடுத்தபடி வேம்பரசன்.

கோயிலுக்குக் கூரை போடணும் என்றார் போர்மேன்.
எந்தச் சாமிக்கு?
பழைய சாமி. இப்போது யாரும் கும்பிடாத சாமி.
குழி தோண்டாதே, கல்லைத் தொடாதே.

இரண்டு தூண்களின் அடிக்கல்,
முழங்காலுயரச் சுவர்.
அப்பால் தொண்ணூறில் சுடப்பட்ட வீடுகள்,
பள்ளிக்கூடம், ஒரு வங்கி,
துளை துளையாக.
இடிந்தவை இரண்டு வகை.
கூரை ஒன்றுக்குத்தான்.

அளவெடுக்க நின்றவள் பெயர் தெஸ்பினா.
அவள் ஆங்கிலமும் என் ஆங்கிலமும்
பாதி வழியில் சந்தித்துக்கொண்டன.
இந்தத் தீவுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர்
இக்காரஸ் என்றாள்.
ரொம்பத் தூரம் வந்த சிப்பாய்கள்,
தண்ணீருக்கு நடுவே மண்ணைப் பார்த்ததும்
ஊர்ப்பக்கத்துத் தீவின் பெயரையே வைத்துவிட்டார்களாம்.

அப்புறம் கதை.
ஒரு ராஜாவிடம் வேலைக்கு வந்தவன் டெடலஸ்,
கொத்தன், தச்சன், பிட்டர் எல்லாம் அவனே.
நுழைந்தால் வெளியே வரமுடியாத வீடொன்று கட்டினான்.
வேலை முடிந்தது. ராஜா அனுப்பவில்லை.
பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருப்பான், என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

இறகு பொறுக்கி, மெழுகில் ஒட்டி
மகனுக்கு ஒரு ஜோடி, தனக்கு ஒரு ஜோடி.
ரொம்ப மேலே போகாதே, ரொம்பக் கீழே வராதே என்றான்,
காலை ஆறு மணிக்கு வரிசையில் நிறுத்தி
எங்களுக்குச் சொல்வதுபோல.
ஆறு மணிக்கு எல்லாரும் தலையாட்டுவோம்.

விழுந்தவன் பெயர் கடலுக்கு.
விழுந்தவன் பெயர் தீவுக்கு.
அப்பன்?
எங்கேயோ போய் இறங்கினான்,
இன்னொரு ராஜாவிடம் வேலைக்குச் சேர்ந்தான் என்றாள்.
அதுவரை நான் கையிலிருந்த ஸ்பேனரைக்
கீழே வைக்கவில்லை.

மஹ்பூலாவில் பதினோராம் மாடி.
இருதயராஜ், என் சின்னம்மா மகன்.
விசா எடுத்துக் கொடுத்தவன் நான்.
பெல்ட்டை மாட்டுடா என்று
அன்றைக்கும் சொன்னேன்.
சொல்லிவிட்டுக் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தேன்.
மறுநாள் பேப்பரில் இரண்டு வரி:
ஆசிய நாட்டவர் ஒருவர்.

உங்கள் ஊரில் இப்படிக் கதை உண்டா என்றாள்.
உண்டு. இரண்டு கழுகுகள், அண்ணன் தம்பி.
சூரியனைத் தொடப் பறந்தார்கள்.
தம்பி வாடிப்போனான்.
அண்ணன் மேலே ஏறிச் சிறகை விரித்தான்,
தம்பிக்கு நிழல்.
அண்ணன் சிறகு கருகிக் கடற்கரை மலையில் விழுந்தான்.
தம்பி பிழைத்தான்.
அப்புறம் வேறொரு சண்டையில் செத்தான், அது வேறு.

அண்ணன் பெயர்?
சம்பாதி.
அதற்கு என்ன அர்த்தம்?
சம்பளம் வாங்கு, சேர்த்து வை, வீட்டுக்கு அனுப்பு.
பறவைக்கா அப்படிப் பெயர்?
எங்கள் பாஷையில் அப்படித்தான் கேட்கும்.

பதினோரு மணிக்கு விசில்.
ஜூன் மாதம், நாலு மணி வரை
வெயிலில் வேலை செய்யக் கூடாது, சட்டம்.
அதற்குள் கடைசி மூலையில் வலையை இழுத்துக் கட்டிவிட்டோம்.
தூண்மேல் பச்சை நிழல் விழுந்தது.
யாரும் கும்பிடாத சாமிக்குக் கீழே
குப்பூஸைப் பிய்த்துத் தின்றோம், ஆறு பேர்.

இரண்டு மணிக்குப் பார்த்தால்
நிழல் கல்லைவிட்டு இறங்கிக்
கிழக்கே வெறும் மணலில் கிடந்தது.
வேம்பரசன் தூக்கத்திலேயே
அதன் பின்னால் உருண்டுகொண்டிருந்தான்.
இன்ஜினியர் போட்ட கணக்கு தப்பு.
மேற்குப் பக்கம் இன்னும் இரண்டு வரிசை வேண்டும்,
குழாய் அறுபது, கிளாம்பு நூற்றிருபது,
எழுதிக் கொடுத்தேன்.
கீழே கையெழுத்து கேட்டார்கள்.
முழுப் பெயரையும் எழுதினேன்.